சிவப்புக் கடற்பாசி மருந்தா, மூலப்பொருளா? ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு விளக்கம்

ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதிலிருந்து கடற்பாசி பற்றி வரும் செய்திகளில் இரண்டு வகைப் பேச்சு ஒன்றாகக் கலந்து வருகிறது. முதலாவது, 127 கோடி ரூபாய்த் திட்டம், வேலைவாய்ப்பு, ஏற்றுமதி என்ற பொருளாதாரப் பேச்சு. இரண்டாவது, கடற்பாசியிலுள்ள பாலிசாக்கரைடுகள் என்ற சர்க்கரைச் சங்கிலிகள் வைரஸைத் தடுக்கும், ரத்தம் உறைவதைத் தடுக்கும், புற்றுநோயை எதிர்க்கும் என்ற மருத்துவப் பேச்சு. இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கு, மண்டபத்திலும் பாம்பனிலும் மணலில் காயும் பாசி அப்படியே மருந்துக் கடைக்குப் போகப்போகிறது என்ற எண்ணம் வருவது இயல்பே. அவரிடமே “ஐஸ்கிரீமில் சேர்க்கும் கேராஜீனன் குடலைப் புண்ணாக்கும்” என்று, சிவப்புப் பாசியிலிருந்தே எடுக்கும் ஒரு பொருளைப் பற்றிய தகவலும் கைபேசி வழியாக வந்து சேர்ந்தால், எதை நம்புவது என்று தெரியாமல் போகும்.

குழப்பத்தின் வேர் ஒன்றுதான். ஒரே பெயரில் அழைக்கப்படும் இந்தப் பொருள்கள் உண்மையில் ஒரே பொருள் அல்ல. எந்தப் பாசி, அதன் சர்க்கரைச் சங்கிலி எவ்வளவு நீளம், அதில் எத்தனை சல்பேட் (கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த தொகுதி), அது எங்கே ஒட்டியிருக்கிறது, எந்த வழியாக உடலுக்குள் போகிறது என்பவற்றைப் பொறுத்து அது ஐஸ்கிரீமுக்குக் கெட்டித்தன்மை தரும் பொருளாகவும் இருக்கலாம், மூக்கில் தெளிக்கும் மருந்தாகவும் இருக்கலாம், எலியின் பாதத்தை வீங்க வைக்கும் பொருளாகவும் இருக்கலாம். இந்த வேறுபாடுகளைப் பிரித்துப் பார்த்தால்தான் இந்தக் கடற்கரை எதை எதிர்பார்க்கலாம் என்பதும் புலப்படும்.

நம் கரையின் சிவப்புப் பாசிகள்

கடற்பாசிகளை அவற்றின் நிறமிகளைக் கொண்டு பச்சை, பழுப்பு, சிவப்பு என மூன்று பெரும் பிரிவுகளாகப் பிரிக்கிறார்கள். நம் கரையில் கட்டக்கோரை என்றும் பக்கோடாப் பாசி என்றும் சொல்லப்படுபவை பழுப்பு வகை. அவற்றில் கிடைப்பது ஆல்ஜினேட் என்ற வேறு பொருள். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல. சிவப்புப் பிரிவில் இங்கே வருமானம் தருபவை முக்கியமாக மூன்று:

1. மரிக்கொழுந்துப் பாசி. அறிவியல் பெயர் ஜெலிடியெல்லா அசெரோசா. பாறையிலும் இறந்த பவளத்திலும் ஒட்டி மிக மெதுவாக வளர்வது. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, முகத்தில் கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி முங்கும் பெண்களே இதைப் பறித்து வருகிறார்கள். இதிலிருந்து எடுப்பது அகார் என்ற, கூழாக உறையும் பொருள்.

2. கஞ்சிப்பாசி. அறிவியல் பெயர் கிராசிலேரியா எடுலிஸ். இதிலிருந்தும் அகார்தான் கிடைக்கிறது. ஆனால் இதன் அகார் மரிக்கொழுந்தின் அகாரைவிட இளகலாக உறையும்.

3. காப்பாபைகஸ் ஆல்வரேசி. இது நம் கடலுக்கு உரியதல்ல. 1995-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பாவ்நகரிலுள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் சோதனைகளுக்குப் பிறகு மண்டபம் பகுதியில் பரவியது. 2000-களின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் இதை வளர்க்க வைத்து வாங்கியதால் ஊரில் இதற்குப் ‘பெப்சிப் பாசி’ என்றே பெயர். இதிலிருந்து எடுப்பது கேராஜீனன்.

முதல் இரண்டும் மதுரைப் பக்கத்து அகார் தொழிற்கூடங்களுக்கு நெடுங்காலமாகப் போய்க்கொண்டிருப்பவை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிலிருந்து அகார் வரத்து நின்றபோது, நம் கடலின் பாசியிலிருந்தே அகார் எடுக்கும் முயற்சிகள் இந்தியாவில் தொடங்கின. கீழக்கரையில் நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பால் ஊற்றிக் காய்ச்சித் தட்டில் ஆறவைத்து, வில்லை வில்லையாக வெட்டி வைக்கும் ‘கடல்பாசி’ இந்த அகாரேதான்.

பாலிசாக்கரைடு என்றால் என்ன

சர்க்கரை மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ ஒன்றோடொன்று கோத்து உருவாகும் நெடுஞ்சங்கிலியே பாலிசாக்கரைடு. அரிசியின் மாவுச்சத்தும் பருத்தியின் செல்லுலோசும் குளுக்கோஸ் கோத்த சங்கிலிகள். சிவப்புப் பாசியின் செல்சுவரை நிரப்பியிருக்கும் சங்கிலிகளோ கேலக்டோஸ் என்ற சர்க்கரையால் ஆனவை. அலையில் ஓயாமல் அசையும் செடிக்கு விறைப்பைவிட நெகிழ்வே வேண்டும். இந்தச் சங்கிலிகள் நீரைப் பிடித்து வைத்து அதைத் தருகின்றன.

மாவுச்சத்தில் இல்லாத ஒன்று இவற்றில் உண்டு. சங்கிலியின் குறிப்பிட்ட இடங்களில் சல்பேட் தொகுதிகள் ஒட்டியிருக்கின்றன. ஒவ்வொரு சல்பேட்டும் ஓர் எதிர்மின்னூட்டம். இந்த மின்னூட்டத்தின் எண்ணிக்கையும் இடமும்தான் ‘உயிர்ச்செயல்’ என்று சொல்லப்படும் பண்பில் பெரும்பகுதியை முடிவு செய்கின்றன. இரண்டு சர்க்கரை கொண்ட ஒரு கண்ணியில் ஒரு சல்பேட் இருந்தால் கப்பா கேராஜீனன், இரண்டு இருந்தால் அயோட்டா, மூன்று இருந்தால் லாம்டா. கப்பா, பொட்டாசியம் சேர்ந்தால் கெட்டியாக, உடையும் தன்மையோடு உறையும். அயோட்டா, கால்சியம் சேர்ந்தால் மென்மையாகத் துவளும் கூழாகும். லாம்டா உறைவதே இல்லை. நீரைத் தடிப்பாக்குவதோடு சரி. அகாரில் சல்பேட் மிகக் குறைவு. அந்தக் குறைவினால்தான் அது அறை வெப்பத்திலேயே உறைகிறது. ஒருமுறை உறைந்தபின் ஏறத்தாழ 85 டிகிரி வரை சூடாக்கினால்தான் உருகுகிறது. 1880-களின் தொடக்கத்தில் ஃபேன்னி ஹெஸ்ஸே சொன்ன யோசனையால் ராபர்ட் காக்கின் ஆய்வகம் நுண்ணுயிர் வளர்க்க அகாரைத் தேர்ந்துகொண்டதற்கும் இந்தப் பண்பே காரணம். உடல்சூட்டில் வைத்தால் ஜெலட்டின் உருகிவிடும், அகார் உருகாது.

உறையும் பண்பும் உயிர்ச்செயலும் ஒரே திசையில் போவதில்லை

செய்திகள் பெரும்பாலும் தவறவிடும் புள்ளி இது. கடற்கரையில் விலை நிர்ணயிக்கும் அளவுகோல் உறைவலிமை. அதாவது, உறைந்த கூழ் உடையாமல் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் அழுத்தம் தாங்குகிறது என்பது. இரண்டு சங்கிலிகள் கயிறு முறுக்குவதுபோல் ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும்போது கூழ் உறைகிறது. கேலக்டோஸின் ஆறாம் கார்பனில் ஒரு சல்பேட் ஒட்டியிருந்தால் சங்கிலி அந்த இடத்தில் கோணிக்கொள்ளும், முறுக்கு விழாது. ஆகவே தொழிற்கூடங்கள் பாசியைக் காரத்தில் வேகவைக்கின்றன. கஞ்சிப்பாசி போன்ற கிராசிலேரியா வகைகளுக்கு சோடியம் ஹைட்ராக்சைடும் காப்பாபைகஸுக்குப் பெரும்பாலும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் பயன்படுகின்றன. காரம் அந்த ஆறாமிடத்து சல்பேட்டை நீக்கி, அங்கே ஒரு பாலத்தை உண்டாக்குகிறது. சங்கிலி நேராகிறது, கூழ் கெட்டிப்படுகிறது, விலை ஏறுகிறது.

வைரஸை ஒட்டிப் பிடிப்பது, ரத்தம் உறையும் வினையில் குறுக்கிடுவது போன்ற செயல்களுக்கோ பொதுவாக சல்பேட் மிகுதியாக வேண்டும். உணவுத் தொழில் ‘தரம் உயர்த்துவதாக’ எண்ணிச் செய்யும் வேலையே, மருந்து ஆய்வாளர் தேடும் பகுதியில் ஒன்றைக் கழித்துவிடுகிறது. ‘வலுவில்லாத அகார்’ என்று குறைந்த விலைக்கு எடுக்கப்படும் கஞ்சிப்பாசியின் சங்கிலிகள் சல்பேட் கூடுதலாகக் கொண்டவை. அதனால் கஞ்சிப்பாசி மருந்தாகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. ஒரே பாசியை இரண்டு அளவுகோல்களால் அளக்க வேண்டியிருக்கிறது. நம் கரையில் இன்று புழங்குவது ஒன்றுதான்.

‘செயல் உண்டு’ என்று ஆய்வு சொல்வதன் பொருள்

ஒரு பொருள் மருந்தாவதற்கு ஏற வேண்டிய படிகள் பல. செய்தித் தலைப்பு எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

1. கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களின் மேல் வேலை செய்தல். புற்றுநோய் பற்றிய செய்திகளில் பெரும்பாலானவை இந்தப் படியில் உள்ளவை.
2. எலி, முயல் போன்ற விலங்குகளில் வேலை செய்தல்.
3. மனிதருக்குத் தீங்கு செய்யவில்லை என்று உறுதியாதல்.
4. மருந்து பெற்றவர்களையும் போலி மருந்து பெற்றவர்களையும் ஒப்பிட்டு, உண்மையான பயன் நிறுவப்படுதல்.

இவற்றோடு, எந்த வழியாகக் கொடுக்கப்பட்டது என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கேராஜீனன் சங்கிலி மிகப் பெரியது. சாப்பிட்டால் குடல் அதைப் பெரிதாக உறிஞ்சுவதில்லை. ஆய்வகக் குழாயில் ரத்தத்தோடு கலந்தபோது அது உறைவதைத் தாமதப்படுத்தியது என்ற முடிவை வைத்துக்கொண்டு, பாசிக் கஞ்சி குடித்தால் மாரடைப்பு வராது என்று சொல்ல வழியே இல்லை. ரத்தம் உறைவதைத் தடுக்க மருத்துவமனைகளில் ஊசியாகப் போடும் ஹெப்பாரினும் சல்பேட் மிகுந்த சர்க்கரைச் சங்கிலிதான்; பாசியின் சங்கிலி அதைப் போன்றது என்பது உண்மை, ஆனால் வலிமையில் அதற்குக் குறைந்தது.

வைரஸ் தடுப்பு: சான்று அதிகமுள்ள இடம்

1958-இலேயே ஜெலிடியம் என்ற சிவப்புப் பாசியின் சாறு, இன்ஃப்ளுயன்சா பி, பொன்னுக்குவீங்கி வைரஸ்களிடமிருந்து கோழிக் கருவைக் காக்கிறது என்று ஓர் ஆய்வு காட்டியது. அதன் இயக்கமுறை இன்று ஓரளவு தெளிவாகியிருக்கிறது. நம் செல்களின் வெளிப்பரப்பில் ஹெப்பாரன் சல்பேட் என்ற சங்கிலிகள் உண்டு. பல வைரஸ்கள் தம் மேற்பரப்பிலுள்ள நேர்மின்னூட்டத் திட்டுகளால் முதலில் அவற்றில்தான் ஒட்டுகின்றன. கேராஜீனன் அதே போன்ற தோற்றத்தோடு குறுக்கே நின்று வைரஸைத் தன்னோடு ஒட்டவைத்துக்கொள்கிறது. வைரஸை அது கொல்வதில்லை. செல்லை அடையவிடாமல் தடுக்கிறது. ஆகவே வைரஸ் நுழையும் வாசலில் அது இருந்தாக வேண்டும். வயிற்றில் இருந்து பயனில்லை.

இந்த அடிப்படையில் நடந்த ஆய்வுகளில் மூன்று நினைவில் வைக்கத் தக்கவை. மூன்றும் மூன்று வெவ்வேறு பாடம் சொல்கின்றன.

முதலாவது ஏமாற்றம். ஆய்வகத்தில் எச்ஐவி வைரஸைத் தடுத்த கேராஜீனன் களிம்பை, தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் 2007 வரை 6,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் சோதித்தார்கள். 2008-இல் முடிவு வெளியானது: களிம்பு பாதுகாப்பானது, ஆனால் தொற்றைத் தடுக்கவில்லை. பாதிக்கும் குறைவான தருணங்களில்தான் அது பயன்படுத்தப்பட்டிருந்தது என்பதும் தெரியவந்தது. ஆய்வகத் தட்டுக்கும் மனித வாழ்க்கைக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்தத் துறையில் இல்லை.

இரண்டாவது எதிர்பாராதது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹியூமன் பாப்பிலோமா வைரஸை மிகக் குறைந்த அளவு கேராஜீனனே தடுக்கிறது என்று 2006-இல் ஆய்வக முடிவு ஒன்று வெளிவந்தது. அதைத் தொடர்ந்து மனிதரிடமும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. தடுப்பூசிக்கு மாற்றாக இதை எண்ணக் கூடாது.

மூன்றாவது கோவிட் காலத்தது. அர்ஜென்டினாவில் நோயாளிகளைக் கவனித்த 394 மருத்துவமனைப் பணியாளர்களில் ஒரு பாதியினருக்கு அயோட்டா கேராஜீனன் மூக்குத் தெளிப்பானும் மறுபாதியினருக்கு வெறும் தெளிப்பானும் கொடுத்தார்கள். முதல் குழுவில் 2 பேருக்கும் இரண்டாம் குழுவில் 10 பேருக்கும் தொற்று வந்தது. நல்ல அறிகுறிதான், ஆனால் பன்னிரண்டே பேரின் கணக்கை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது.

நம் கரைக்கு இதில் முக்கியமான செய்தி ஒன்று அடங்கியிருக்கிறது. இந்தத் தெளிப்பானில் உள்ளது அயோட்டா கேராஜீனன். பாக் நீரிணையின் மிதவைகளில் வளரும் காப்பாபைகஸ் தருவதோ பெரும்பாலும் கப்பா. அயோட்டாவுக்கு வேறு பாசி, யூக்கியூமா டென்டிகுலேட்டம், வேண்டும். “கடற்பாசி கொரோனாவைத் தடுக்கும்” என்ற தலைப்பைப் பார்த்து மண்டபத்துப் பாசிக்கு விலை ஏறும் என்று எதிர்பார்த்திருந்தால் அது நடந்திருக்க வாய்ப்பில்லை.

குடலுக்கு நல்லதா, கெட்டதா

அகாரையும் கேராஜீனனையும் செரிக்கும் நொதி மனிதரிடம் இல்லை. குடல் நுண்ணுயிர்களில் சிலவற்றிடம் இருக்கலாம். 2010-இல் வெளியான ஓர் ஆய்வு வியப்பூட்டுவது: நோரி என்ற சிவப்புப் பாசியின் பார்பிரான் சங்கிலியை வெட்டும் நொதிக்கான மரபணு, கடல் பாக்டீரியாவிலிருந்து ஜப்பானியரின் குடல் பாக்டீரியாவுக்குத் தாவியிருப்பதை அது கண்டறிந்தது. பாசியைத் தலைமுறை தலைமுறையாகச் சமைக்காமல் உண்டுவந்ததன் விளைவு என்று கருதுகிறார்கள். ஒரு சமூகத்தில் கண்ட பயன் இன்னொரு சமூகத்திலும் அப்படியே கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, கேராஜீனன் குடலைப் புண்ணாக்கும் என்ற அச்சம். இதற்குள் நான்கு தனித்தனிச் செய்திகள் ஒட்டிக்கிடக்கின்றன.

1. 1962 முதல், அழற்சி மருந்துகளைச் சோதிக்க எலியின் பாதத்தில் கேராஜீனனை ஊசியாகச் செலுத்தி வீக்கம் உண்டாக்குவது வழக்கம். இது ஊசி; உணவல்ல.

2. கேராஜீனனைக் கடும் அமிலத்தில் நெடுநேரம் சூடாக்கிச் சிதைத்தால் போலிஜீனன் என்ற சிறு துண்டுகள் கிடைக்கும். இதன் மூலக்கூறு எடை 10,000 முதல் 20,000 டால்டன். உணவில் சேர்க்கும் கேராஜீனனின் எடை சராசரியாக 2 லட்சம் முதல் 8 லட்சம் டால்டன். விலங்குகளின் குடலைப் புண்ணாக்கியதும், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற பட்டியலில் வைத்ததும் இந்தச் சிதைந்த பொருளையே. சிதையாத கேராஜீனன் அந்தப் பட்டியலில் இல்லை.

3. பெருங்குடல் அழற்சி அடங்கியிருந்த 12 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான சிறு ஆய்வில், கேராஜீனன் உட்கொண்டவர்களில் சிலருக்கு நோய் திரும்பியது. இவ்வளவு சிறிய ஆய்வு எதையும் நிறுவாது. ஆனாலும் அந்த நோய் உள்ளவர் எச்சரிக்கையாக இருப்பதில் தவறில்லை.

4. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 75 மில்லிகிராம் என்ற தற்காலிக வரம்பைச் சொல்லி, மேலும் ஆய்வு கேட்டது. சாக்லேட் பாலில் கொக்கோ அடியில் தங்காமல் இருக்கப் போடுவது சுமார் 0.03 சதவீதம், ஒரு குவளையில் நூறு மில்லிகிராமைக்கூட எட்டாது.

மேலே சொன்ன இரண்டாம் புள்ளியில் மருந்து ஆய்வுக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. நெடுஞ்சங்கிலியை வெட்டிச் சிறிதாக்கினால் அது நன்றாகக் கரைகிறது, செல்களோடு எளிதில் வினைபுரிகிறது. ஆகவே பல ஆய்வுகள் வெட்டிய துண்டுகளிலேயே கூடுதல் செயலைக் காண்கின்றன. உணவில் நெடுங்காலம் பழகிய பொருள் என்ற பாதுகாப்புச் சான்றிதழ் நெடுஞ்சங்கிலிக்கு உரியது. அதை வெட்டிய துண்டுக்கு இரவல் கொடுக்க முடியாது. ஒவ்வொரு அளவுத் துண்டும் தன் பாதுகாப்பைத் தனியாக நிறுவ வேண்டும். ‘இயற்கையானது’ என்று உறையில் எழுதி விற்கும் மாத்திரைகளை வாங்குமுன் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

மருந்துக்கு முன்பே வரக்கூடிய பயன்கள்

காய்கறி மூலக் கூடுகள், அதாவது ஜெலட்டின் இல்லாத மாத்திரை உறைகள். புண்ணை ஈரமாக வைக்கும் கட்டுப் படலங்கள். மரபணு ஆய்வுக்கூடங்களில் டிஎன்ஏவைப் பிரிக்கப் பயன்படும் அகரோஸ் ஆகியவற்றில் சந்தை ஏற்கெனவே இருக்கிறது. இவற்றில் அகரோஸ்தான் அகாரின் மிகத் தூய்மையான, மிக விலை உயர்ந்த வடிவம்.

ஆனால் கரையில் இருப்பவர்களுக்கு அருகில் இருப்பது வேளாண் பயன். புதிதாக அறுத்த காப்பாபைகஸை அரைத்துப் பிழிந்தால் வரும் சாற்றைப் பயிருக்குத் தெளிக்கலாம். சக்கையிலிருந்து கேராஜீனன் எடுக்கலாம். இரண்டு பொருளையும் ஒரே பாசியிலிருந்து பெறும் இந்த முறையை மத்திய உப்பு ஆராய்ச்சி நிறுவனம் காப்புரிமை பெற்று நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இதற்குப் பாசி ஈரமாகவே வேண்டும். ஆகவே ஆலை கரைக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். மணலில் உலர்த்தி மூட்டை கட்டி அனுப்பும் நாளில் சாறு முழுவதும் வெயிலுக்குப் போய்விடுகிறது.

இந்தக் கடற்கரைக்கு என்ன பொருள்

12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் விதைப்பாசியைக் கட்டி, 45 நாளில் அறுத்து, பத்துக் கிலோ ஈரப்பாசியை ஏறத்தாழ ஒரு கிலோவாக உலர்த்தி விற்பதுதான் இன்றைய தொழில். உலர்த்தும்போது ஒட்டும் மணலும் உப்பும், இடையில் பெய்யும் மழையும் சங்கிலியின் தரத்தைக் குறைக்கின்றன. உணவுத் தரத்துக்கு அது ஓரளவு பொறுக்கும். மருந்துத் தரத்துக்குப் பொறுக்காது: ஒரு மூட்டைக்கும் அடுத்த மூட்டைக்கும் சல்பேட் அளவும் சங்கிலி நீளமும் மாறினால் எந்த மருந்து நிறுவனமும் வாங்காது.

இதைவிடப் பெரிய இடர் கடலுக்குள் இருக்கிறது. காப்பாபைகஸை விதையிட்டு வளர்ப்பதில்லை. பழைய பாசியின் துண்டையே திரும்பத் திரும்பக் கட்டுகிறார்கள். கால் நூற்றாண்டாக ஏறத்தாழ ஒரே செடியின் நகல்கள். 2013-க்குப் பிறகு தண்ணீர் சூடேறி, ஐஸ்-ஐஸ் எனப்படும் வெளுத்துப்போகும் நோய் பரவியபோது விளைச்சல் சரிந்ததும், பல குடும்பங்கள் தொழிலைவிட்டு வெளியேறியதும் இந்தக் காரணத்தால்தான் அவ்வளவு கடுமையாக இருந்தது. புதிய விதைப்பாசி வேண்டும் என்பதால் 2024-இல் மத்திய மீன்வளத் துறை உயிருள்ள பாசி இறக்குமதிக்கு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஆனால் குருசடைத் தீவில் காப்பாபைகஸ் பவளத்தின்மேல் படர்ந்து அதை மூடிக் கொன்றது 2008-இலேயே பதிவாகியிருக்கிறது. 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவை ஒட்டி இன்னொரு அயல் பாசியைக் கொண்டுவருவதற்கு முன், தனிமைப்படுத்திச் சோதிக்கும் விதியை எழுத்தில் வைத்துக்கொண்டால் போதாது. கண்டிப்பாகச் செயல்படுத்த வேண்டும். பவளம் போனால் மரிக்கொழுந்துப் பாசியும் போகும், மீனும் போகும்.

மரிக்கொழுந்துப் பாசியைப் பொறுத்தவரை கட்டுப்பாட்டை முதலில் விதித்துக்கொண்டவர்கள் அதைப் பறிக்கும் பெண்களே. பாம்பன் சின்னப்பாலம் பகுதிப் பெண்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மட்டும் பறிப்பது என்று தாமாகவே வரையறுத்துக்கொண்டார்கள். அந்த ஊரைச் சேர்ந்த லட்சுமிக்கு 2015-இல், தீவுகளின் சூழலைக் காப்போருக்கு வழங்கும் சீகாலஜி விருது கிடைத்தது இதற்காகத்தான். மருந்துப் பேச்சால் அகாரின் தேவை திடீரென ஏறினால் முதல் நெருக்கடி இந்தப் பாசிக்குத்தான் வரும், ஏனெனில் பெரிய அளவில் வளர்ப்பு முறை இதற்கு இன்னும் நிலைபெறவில்லை.

ஆகவே வளமாவூர்ப் பூங்காவிடம் எதிர்பார்க்க வேண்டியவை திட்டவட்டமானவை. நம் கடலுக்கு உரிய கஞ்சிப்பாசி, ஹிப்னியா (இன்னொரு சிவப்புப் பாசி) போன்ற வகைகளில் நோய் தாங்கும் விதைப்பாசி. மணலுக்கு மேலே உயர்த்திக் கட்டிய உலர்மேடை. ஈரப்பாசியைப் பிழியும் ஆலை. இவற்றோடு, மூட்டையைக் கொண்டுவருபவர் கண்முன்னாலேயே உறைவலிமையை மட்டுமல்லாமல் சல்பேட் அளவையும் மூலக்கூறு எடையையும் சோதித்து, முடிவைத் தமிழில் எழுதி அவர் கையில் கொடுக்கும் ஆய்வகம் ஒன்றும் அங்கே வேண்டும். அந்தச் சீட்டு கையில் இருந்தால்தான் எந்தச் சந்தைக்கு, என்ன விலைக்கு என்று பறித்தவரே பேரம் பேச முடியும்.